சீ மாஸ் ஜெல்: தைராய்டு மாத்திரை போடுகிறவர்கள் சாப்பிடலாமா?

ஓசூர் வாசகி, ஜூன் 9

அண்ணா, எனக்கு 34 வயசு. ரெண்டு வருஷமா தைராக்ஸின் 50 போடுறேன். எங்க ஆபீஸ்ல பாதிப் பேர் சீ மாஸ் ஜெல் வாங்கி தினமும் காலையில வெறும் வயித்துல ரெண்டு ஸ்பூன் சாப்பிடுறாங்க. 92 மினரல் இருக்காம், முடி கொட்டுறது நிக்குமாம், தைராய்டுக்கு அவ்வளவு நல்லதாம். நானும் போன மாசத்துல இருந்து சாப்பிடுறேன். மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமா விட்டுடலாமா? நீங்க மருந்துக் கடையில இருக்கிறதால கேக்குறேன்.

ஜூன் 9, இரவு

மாத்திரையை விடாதீர்கள். ஜெல்லை விட்டுவிடுங்கள். கடை அடைக்கிற நேரம், காரணத்தை நாளைக்கு எழுதுகிறேன்.

ஜூன் 10

முதலில் பாட்டிலுக்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். சீ மாஸ் என்பது கடல் பாறையைப் பிடித்துக்கொண்டு வளரும் ஒரு சிவப்புப் பாசி. அயர்லாந்து, கனடா, அமெரிக்காவின் வடகிழக்குக் கரை என்று குளிர்ந்த அட்லாண்டிக் தண்ணீரில் வளரும் காண்ட்ரஸ் கிரிஸ்பஸ்தான் அந்தப் பெயருக்கு உரிய அசல் பாசி. 1840களில் உருளைக்கிழங்குப் பஞ்சம் வந்தபோது அயர்லாந்தின் கரையோர ஏழைகள் பசிக்கு இதையும் பறித்துத் தின்றார்கள். ஜமைக்காவில் பால், ஜாதிக்காய், பட்டை எல்லாம் போட்டு உடம்புக்குத் தெம்பு என்று குடிக்கிறார்கள். ஆனால் இன்று ஜெல்லாக விற்பதில் பெரும்பகுதி வெப்பக் கடலில் வளர்க்கும் கப்பாஃபைகஸ், யூக்கீமா, கிராசிலேரியா போன்ற வேறு பாசிகள். எல்லாவற்றுக்கும் லேபிள் ஒன்றுதான்.

இதில் சிக்கல் அயோடின். எந்தப் பாசி, எந்தக் கடல், எந்தப் பருவத்தில் பறித்தது என்பதைப் பொறுத்து அயோடின் அளவு பல மடங்கு மாறும். வாடிக்கையாளர்கள் கொண்டுவந்து காட்டிய பாட்டில்களைத் திருப்பித் திருப்பிப் படித்திருக்கிறேன். கலோரி இருக்கிறது, சர்க்கரை இருக்கிறது, உணவுப் பாதுகாப்பு உரிமத்தின் 14 இலக்க எண்ணும் இருக்கிறது. அயோடின் எத்தனை மைக்ரோகிராம் என்று ஒரு வரி கிடையாது. தைராய்டு உள்ளவருக்கு முதலில் தெரியவேண்டிய எண்ணே அதுதான். உங்கள் மாத்திரையை 25, 50, 75 என்று மைக்ரோகிராம் கணக்கில் டாக்டர் அளந்து கொடுக்கிறார். அதன் பக்கத்திலேயே அளவே தெரியாத ஒன்றைத் தினமும் ஸ்பூனில் அள்ளிப் போட்டால் அந்த அளவுக்கு என்ன அர்த்தம்?

ஜூன் 11

காரிமங்கலத்திலிருந்து ஒருவர் கேட்கிறார்: "அயோடின் குறைஞ்சாத்தானே தைராய்டு வரும்னு பள்ளிக்கூடத்துல படிச்சோம்? அப்போ பாசியில அயோடின் இருந்தா நல்லதுதானே?"

நல்ல கேள்வி. இதே நினைப்பில்தான் பாதி பாட்டில்கள் விற்கின்றன, அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

அயோடின் பற்றாக்குறையால் கழுத்தில் கழலை வரும், உண்மை. அதற்காகத்தான் மத்திய அரசு 1962 இல் கழலைத் தடுப்புத் திட்டம் தொடங்கியது, பிறகு உப்பில் அயோடின் சேர்ப்பது நாடு முழுக்க வந்தது. 2006 முதல் அயோடின் சேர்க்காத உப்பைச் சாப்பாட்டுக்கென்று விற்கத் தடை இருக்கிறது. கடையில் நாம் வாங்கும் பாக்கெட்டில் குறைந்தது 15 பிபிஎம் இருக்கவேண்டும், அதாவது ஒரு கிராம் உப்பில் 15 மைக்ரோகிராம் அயோடின். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்குத் தேவை 150. குழம்பு, ரசம், ஊறுகாய், அப்பளம் என்று நாம் சாப்பிடும் சாப்பாட்டில் அயோடின் உப்பு இருந்தால் அநேகமாக அதுவே போதும்.

இப்போது எங்கள் கடைக்குச் சீட்டோடு வருகிற பெண்களில் பலருக்கும் எழுதியிருப்பது ஹாஷிமோட்டோ. உடம்பின் எதிர்ப்புச் சக்தியே தைராய்டு சுரப்பியைத் தாக்குகிற நோய். அயோடின் கூடுதலாகக் கொடுத்தால் இது சரியாகாது, பல பேருக்கு மோசமாகும்.

ஏன் என்றால், ரத்தத்தில் திடீரென்று அயோடின் நிறைய வந்தால் தைராய்டு சுரப்பி தன் வேலையை நிறுத்திக்கொள்ளும். வயலில் தண்ணீர் கட்டிவிட்டால் மடையை அடைப்பது மாதிரி. 1948 இல் உல்ஃப், சைக்காஃப் என்ற இரண்டு ஆய்வாளர்கள் எலிகளில் இதைக் கண்டு எழுதினார்கள், இன்றும் அவர்கள் பெயரில்தான் இது பாடப்புத்தகங்களில் இருக்கிறது. நல்ல சுரப்பி சில நாளில் மடையைத் திறந்துகொள்ளும். ஹாஷிமோட்டோ வந்த சுரப்பி பல சமயம் திறக்காது. அப்போது டிஎஸ்ஹெச் (சுரப்பியை வேலை செய்யச் சொல்லித் தூண்டும் ஹார்மோன், தைராய்டு சுரப்பு குறைந்தால் இது கூடும்) ஏறும், சோர்வு, மலச்சிக்கல், முடி கொட்டுவது எல்லாம் கூடும். முடி கொட்டுவது நிற்கவேண்டும் என்று ஆரம்பித்தவருக்கு முடி அதிகம் கொட்டினால், "இன்னும் உடம்புக்குப் பிடிக்கவில்லை, அளவைக் கூட்டு" என்று பக்கத்தில் இருப்பவர் சொல்வார். இதைக் கவுண்டரில் நேரில் கேட்டிருக்கிறேன்.

வயதானவர்களுக்கு, கழுத்தில் பல நாள் கட்டி இருப்பவர்களுக்கு, நேர் எதிராகவும் நடக்கலாம். கூடுதல் அயோடின் கிடைத்ததும் கட்டி அளவில்லாமல் ஹார்மோன் சுரக்கும், நெஞ்சு படபடக்கும், எடை குறையும், கை நடுங்கும். பெரியவர்களுக்கு உச்ச வரம்பு என்று அமெரிக்காவில் ஒரு நாளைக்கு 1100 மைக்ரோகிராம் வைத்திருக்கிறார்கள், ஐரோப்பாவில் 600. அதுவும் ஆரோக்கியமானவர்களுக்கான கணக்கு.

ஜூன் 11, பிற்பகல்

அந்த 92 மினரல். இந்தக் கணக்கைப் பரப்பியதில் பெரிய பங்கு 'டாக்டர் செபி' என்று அழைக்கப்பட்ட ஹோண்டுராஸ்காரர் ஆல்ஃபிரடோ போமனுக்கு உண்டு. மருத்துவப் பட்டம் இல்லாதவர். 1980களில் எய்ட்ஸ் வரைக்கும் குணமாக்குவதாக நியூயார்க் பத்திரிகைகளில் விளம்பரம் கொடுத்து, உரிமமில்லாமல் வைத்தியம் பார்த்ததாக வழக்கைச் சந்தித்தார். அதில் விடுதலையானார், ஆனால் அந்த மாதிரி விளம்பரம் இனிமேல் செய்வதில்லை என்று பிறகு ஒப்புக்கொள்ள வேண்டிவந்தது. 2016 இல் காலமானார்.

நம் உடம்புக்குக் கட்டாயம் வேண்டிய தாதுக்கள் சுமார் இருபதுதான். இயற்கையில் கிடைக்கும் தனிமங்களே 94 என்பார்கள், அந்தப் பட்டியலில் ஆர்சனிக், காரீயம், காட்மியம், பாதரசம், யுரேனியம் எல்லாம் அடக்கம். கடல் பாசி தண்ணீரில் இருப்பதையெல்லாம் உறிஞ்சிச் சேர்த்துவைக்கும் குணம் உள்ளது. ஆகவே 92 இருக்கிறது என்று யாராவது சொன்னால், மீதி எழுபது என்னென்ன என்று கேளுங்கள். ஹிஜிகி என்ற ஜப்பானியப் பாசியில் ஆர்சனிக் அதிகம் என்று பிரிட்டன் உணவுத் துறை 2004 இலேயே அதைத் தவிர்க்கச் சொன்னது. சீ மாஸ் வேறு பாசி, அதே பழியை இதன்மேல் போட வரவில்லை. பரிசோதனை அறிக்கை காட்டாத பாட்டிலை நம்பாதீர்கள் என்பதற்காகச் சொல்கிறேன்.

ஜூன் 15

"சரி, தைராய்டு இல்லாதவங்க சாப்பிட்டா சத்துதானே?" என்று பாலக்கோடு நண்பர் கேட்டிருக்கிறார்.

அமெரிக்க வேளாண் துறையின் பட்டியலில் பச்சையான ஐரிஷ் மாஸ், அதாவது அசல் சீ மாஸ், 100 கிராமில் கால்சியம் 72 மில்லிகிராம், மெக்னீசியம் 144, இரும்பு 8.9. இரும்பும் மெக்னீசியமும் மோசமில்லை, அதை ஒத்துக்கொள்ளவேண்டும். ஆனால் நாம் சாப்பிடுவது இரண்டு ஸ்பூன். 30 கிராம் என்று வைத்து, தண்ணீரே சேர்க்காத முழுப் பாசி என்று கொண்டாலும் கால்சியம் 22 மில்லிகிராம்தான் வரும். ஜெல்லில் பாதிக்கு மேல் ஊற்றி அரைத்த தண்ணீர், ஆக அதுவும் வராது.

தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2017 பட்டியலில் கேழ்வரகு 100 கிராமில் கால்சியம் 364 மில்லிகிராம். தர்மபுரி, கிருஷ்ணகிரி என்று நம் இரண்டு மாவட்டமும் விளைவிக்கிற தானியம். மத்தியானம் ஒரு களி உருண்டை, கூடக் கொஞ்சம் புளிச்சக்கீரைக் கடையல், தொட்டுக்கொள்ளக் கொள்ளுத் துவையல். இதைச் சாப்பிட்டு வளர்ந்த வீட்டுப் பெண் பிள்ளைகள் ஆயிரத்துக்கு மேல் கொடுத்து அட்லாண்டிக் பாசியை வாங்கிக் கால்சியத்துக்குச் சாப்பிடுகிறேன் என்று சொல்லும்போது எனக்கு மனசு கேட்பதில்லை. அந்தக் காசுக்கு ஒரு மாசத்துக்கு முட்டையும் முருங்கைக்கீரையும் வாங்கலாம்.

ஜூன் 16

ஓசூர் வாசகி: "நான் காலையில ராகிக் கூழ்தான் குடிக்கிறேன். கால்சியம் மாத்திரையைக் கெடுக்கும்னு சொல்றாங்களே?"

தைராக்ஸினை எழுந்ததும் வெறும் தண்ணீரில் போடுங்கள். அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் கழித்துக் கூழ், காபி எல்லாம். கால்சியம் மாத்திரையோ இரும்பு மாத்திரையோ போடுவதாக இருந்தால் நான்கு மணி நேர இடைவெளி வேண்டும், அதை மத்தியானத்துக்குத் தள்ளிவிடுங்கள். கூழை நிறுத்தவேண்டிய அவசியம் இல்லை. இன்றைக்கு ஆறு மணிக்கு, நாளைக்குக் கூழோடு, மறுநாள் மறந்துவிட்டேன் என்று இருந்தால் எந்த அளவும் நிலைக்காது.

ஜெல்லை மாத்திரையோடு சேர்த்து வெறும் வயிற்றில் விழுங்கியது எனக்கு இன்னும் கவலை. மருந்து உறிஞ்சப்படவேண்டிய நேரத்தில் வயிற்றில் வழவழவென்று ஒரு நார்ச்சத்துக் கூழ்.

ஜூன் 17

இந்துப்பு, பிங்க் உப்பு என்று மாறியவர்கள் இருக்கிறீர்களா? சந்தையில் மூட்டையில் வரும் கல் உப்பு மட்டும் வாங்குகிறவர்கள்? அவற்றில் பலவற்றில் அயோடின் சேர்த்திருக்க மாட்டார்கள். உங்களுக்குப் பற்றாக்குறை வர வாய்ப்பு இருக்கிறது. அதற்கு வழி அயோடின் உப்பு பாக்கெட்டுக்குத் திரும்புவதுதான், விலையும் குறைவு, அளவும் தெரிந்தது. டப்பாவை அடுப்புப் பக்கத்தில் திறந்து வைக்காதீர்கள், அயோடின் போய்விடும்.

ஜூன் 23

எதையும் தொட்டுப் பார்க்காமல் குறை சொல்வதாக ஒருவர் எழுதியிருந்தார். வீட்டம்மாவின் சித்தி மகள் பெங்களூரிலிருந்து ஒரு பாக்கெட் காய்ந்த பாசி கொண்டுவந்தாள், ஞாயிற்றுக்கிழமை வீட்டில் ஜெல் செய்தோம்.

காய்ந்த பாசி வெளிறிய மஞ்சளில் முறுக்கிய நூல்கண்டாக, மேலெல்லாம் உப்புப் பொரிந்து இருந்தது. நாலைந்து தண்ணீரில் அலசினோம், அடியில் மணல் தங்கியது. ராத்திரி முழுக்க ஊறியதும் உப்பிப் பருத்துக் கண்ணாடி மாதிரி ஆனது. கருவாட்டுக் கடை வாசலில் வருமே, அந்த வாசம் லேசாக. மிக்சியில் தண்ணீர் விட்டு அரைத்து ஃபிரிட்ஜில் வைத்தால் மறுநாள் கெட்டியாக நின்றது. தனியாகச் சுவை ஒன்றும் இல்லை. மாம்பழக் கூழில் கலந்தபோது பிள்ளைகள் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள். கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு ஜூன் மாதத்தில் இதைவிடச் சுலபமான பலகாரம் கிடையாது.

கெட்டியாக நிற்கக் காரணம் கராஜீனன் என்ற சர்க்கரைச் சங்கிலி. ஐஸ்கிரீம், சாக்லேட் பால், பற்பசை எல்லாவற்றிலும் இதைப் பிரித்தெடுத்துச் சேர்க்கிறார்கள், பாக்கெட்டில் 407 என்ற எண்ணில் இருக்கும். கரையும் நார்ச்சத்து என்பதால் மலம் இளகுவதற்கு உதவலாம். அசல் சீ மாஸ் பாசியை எலிகளுக்குக் கொடுத்துக் குடலில் நல்ல பாக்டீரியா கூடுவதைப் பார்த்திருக்கிறார்கள். சளிக்கு என்று கராஜீனன் மூக்கு ஸ்பிரேயை மனிதர்களிடம் சோதித்தும் இருக்கிறார்கள், அது மூக்கில் அடிப்பது, ஜெல் தின்பதற்கு அது சாட்சி ஆகாது. இது போக, முடி, தோல், ஆண்மை, மூட்டு என்று பாட்டிலில் போடுகிற எதற்கும் மனிதர்களிடம் நடந்த உருப்படியான சோதனை என் கண்ணில் படவில்லை.

பழையபேட்டை நண்பர் ரமலான் கடல்பாசியைப் பற்றிப் பயந்து கேட்டார். இஃப்தாருக்குத் தேங்காய்ப் பாலும் ரோஸ் சிரப்பும் விட்டு வைப்பது அகர் அகர். பாசியை வேகவைத்து வடித்து, உறையவைத்து எடுத்தது. பண்டிகைக்கு நாலு துண்டு சாப்பிடுவதும், முழுப் பாசியை அரைத்து மருந்தாகத் தினமும் விழுங்குவதும் வேறு வேறு. தாராளமாகச் சாப்பிடுங்கள், எனக்கும் ஒரு தட்டு எடுத்து வையுங்கள்.

ஜூன் 24

பேச்சு பாசிக்கு வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். ராமேஸ்வரம் போகிறவர்கள் வழியில் மண்டபம் என்ற ஊரில் வண்டியை நிறுத்திப் பாருங்கள். மன்னார் வளைகுடாத் தீவுகளைச் சுற்றிப் பெண்கள் விரல்களில் துணி சுற்றிக்கொண்டு, கண்ணாடி மாட்டி, மூச்சடக்கி மூழ்கி, பாறையிலிருந்து மரிக்கொழுந்துப் பாசியும் கஞ்சிப் பாசியும் பறிப்பார்கள். அகர் எடுக்கும் தொழிற்சாலைகளுக்குப் போகிற சரக்கு அது. கப்பாஃபைகஸை அங்கே 12 அடி மூங்கில் மிதவைகளில் கட்டி 45 நாளில் அறுக்கிறார்கள். 2000 வாக்கில் பெப்சி நிறுவனம் வந்து தொடங்கியதால் கரையில் பெப்சிப் பாசி என்றே பெயர். குருசடைத் தீவுப் பக்கம் அது பவளப்பாறைமேல் ஏறிப் பரவியதாக ஆய்வாளர்கள் எழுதியதும் உண்டு, எனவே அந்தக் கதையில் இரண்டு பக்கம் இருக்கிறது. ஆனால் அந்தப் பெண்களின் உழைப்பு பெரியது. அவர்களுடைய தோலும் கண்ணும் உப்பில் வெந்து கிடப்பதைப் பார்த்தபின் பாசியைக் கேவலமாகப் பேச எனக்கு வாய் வராது. என் சண்டை எல்லாம் பாட்டிலின் மேல் எழுதியிருக்கும் வைத்திய வாக்குறுதியோடுதான்.

ஜூலை 6

பென்னாகரம் பக்கத்திலிருந்து ஒரு கேள்வி: "எங்க ஊர் போர் தண்ணியில புளோரைடு. அம்மாவுக்கு முட்டி மடக்க முடியல. சீ மாஸ் புளோரைடை வெளியேத்தும்னு வீடியோவுல சொல்றாங்க, வாங்கட்டுமா?"

வாங்காதீர்கள். புளோரைடு தண்ணீரில் வருகிறது, தண்ணீரை மாற்றுவதுதான் மருந்து. லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை நல்லது, வேறு வழியே இல்லாத இடத்தில் 1.5 வரை. ஜப்பான் கடனுதவியோடு கட்டி 2013 இல் திறந்த ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே நம் இரண்டு மாவட்டத்தின் பல்லையும் எலும்பையும் நினைத்து வந்ததுதான். காவிரித் தண்ணீர் வரும் நாளில் குடிக்கவும் சமைக்கவும் அதையே பிடித்து வையுங்கள், போர் தண்ணீர் துணிக்கும் மாட்டுக்கும் என்று மட்டும் வைக்கலாமா என்றால் மாட்டுக்கும் வேண்டாம், அதற்கும் பல்லும் எலும்பும் கெடும். காய்ச்சினால் புளோரைடு போகாது, தண்ணீர் வற்ற வற்றச் செறிவு கூடும்.

பாசியைவிட நம் புளிக்குத்தான் இதில் ஒரு சாட்சி இருக்கிறது. ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தினர் பள்ளிச் சிறுவர்களுக்குத் தினமும் 10 கிராம் புளி கொடுத்து, சிறுநீரில் புளோரைடு கூடுதலாக வெளியேறுவதை 2002 இல் பதிவு செய்தார்கள். சின்னச் சோதனை. அம்மாவின் முட்டி அதனால் மடங்கிவிடும் என்று நான் சொல்லவில்லை. ஊரெல்லாம் புளியமரம் நிற்கிற நமக்கு ரசத்தைக் குறைக்காமல் வைக்க ஒரு காரணம். முட்டிக்கு எலும்பு டாக்டரைப் பார்த்தே ஆகவேண்டும்.

ஜூலை 7

சேர்க்கவேண்டியது: ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் போடுகிறவர்கள் பாசி வகைகளைத் தொடும் முன் டாக்டரிடம் சொல்லுங்கள், வைட்டமின் கே இருப்பதால் மருந்தின் வேலை மாறும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் அப்படியே.

ஆகஸ்ட் 4

நேற்று ஆடிப்பெருக்கு, ஒகேனக்கலில் கூட்டம், வழியெல்லாம் வண்டி. இன்று கடை திறந்ததும் ஓசூர் வாசகியின் செய்தி. ஜூன் நடுவில் எடுத்த டிஎஸ்ஹெச் 11, இப்போது 4.8. ஜெல்லை அன்றே நிறுத்திவிட்டார், டாக்டர் அந்த அறிக்கையைப் பார்த்து மாத்திரையையும் 50 லிருந்து 62.5 ஆக்கினார்.

கீழே எல்லாரும் "பாத்தீங்களா, ஜெல்தான் காரணம்" என்று எழுதுகிறீர்கள். நிதானமாகப் பார்ப்போம். ஜெல்லும் நின்றது, மாத்திரையும் கூடியது, மாத்திரை போடும் நேரமும் சீரானது. மூன்றும் ஒன்றாக நடந்தபின் எது எவ்வளவு வேலை செய்தது என்று பிரிக்க முடியாது. நாளைக்கு ஜெல் விற்பவர் வந்து ஒரே ஒரு ஆளைக் காட்டி "பாருங்கள், குணமாகிவிட்டது" என்றால் நாம் ஒத்துக்கொள்ள மாட்டோம் அல்லவா, அந்த நியாயம் நமக்கும் பொருந்தும். ஆறேழு வாரம் கழித்து இன்னொரு முறை ரத்தம் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன்.

ஆகஸ்ட் 5

அந்தப் பரிசோதனைக்குப் போகும் முன் ஒன்று, அம்மா. முடிக்கென்று பயோட்டின் மாத்திரை போடுவதாக இன்று காலை எழுதியிருக்கிறீர்கள். அதிக அளவு பயோட்டின் சில லேப் கருவிகளில் டிஎஸ்ஹெச்சைப் பொய்யாகக் குறைத்துக் காட்டும். ரத்தம் கொடுப்பதற்கு இரண்டு நாள் முன்பே நிறுத்துங்கள், லேபிலும் சொல்லுங்கள். குழந்தைக்குத் திட்டமிடுவதாகவும் சொன்னீர்கள். அப்படியென்றால் அடுத்த அறிக்கையை எனக்கு அனுப்புவதற்கு முன் மகப்பேறு டாக்டரிடம் காட்டுங்கள். கர்ப்பத்தின் முதல் மாதங்களில் தைராக்ஸின் அளவு பெரும்பாலும் கூட்டவேண்டியிருக்கும், நாள் தள்ளிப்போனது தெரிந்த வாரத்திலேயே போய்ப் பாருங்கள்.